பதினேழு கல்வெட்டு, ஒரே முகவரி

போன வருஷம் புரட்டாசி மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் உத்தர வீதியில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெண் கையில் ஒரு பிரிண்ட் அவுட்டோடு வந்தாள். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளில் வரும் நந்தவன தானங்கள்தான் தலைப்பு.

"அண்ணா, நீங்க போட்டுக் கொடுத்த ஃபைல்ல வந்ததுதான் இது. கைடு வட்டம் போட்டு அனுப்பியிருக்கார்" என்றாள்.

துணைநூற்பட்டியலில் 23ஆம் எண்ணிலிருந்து 39ஆம் எண் வரை சிவப்பு மையால் ஒரே பெரிய வட்டம். உள்ளே பதினேழு வரி. பதினேழிலும் இருந்தது இதுதான்: "ஸ்ரீரங்கம் கல்வெட்டு. 1936–1937."

அவள் ஒவ்வொரு கல்வெட்டின் எண்ணையும் சரியாகத்தான் டைப் செய்திருந்தாள். எண்ணைத் தூக்கி எறிந்தது நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாணி. வேர்டில் அடிக்குறிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளை "லேடெக்குக்கு மாறிடு, மேற்கோளை எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்று மாற்றியவனும் நான்தான். அது பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

அந்தப் பதினேழு வரியைச் சரி செய்யப் போய் மூணு வாரம் ஆனது. அந்த மூணு வாரத்தில் கற்றுக்கொண்டதை இங்கே குறித்து வைக்கிறேன். லேடெக் தெரியாதவர்களுக்கும் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். ஸோட்டெரோ மாதிரி வேறு கருவி வைத்திருப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

கல்வெட்டுக்கு எத்தனை முகவரி?

மேற்கோள் என்பது ஒரு முகவரி. நான் சொல்வதை நம்பாதவர், அதை வைத்துக்கொண்டு நான் பார்த்த அதே பொருளுக்குப் போய்ச் சேர வேண்டும். புத்தகத்துக்கு இது சுலபம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு இருந்தால் நூலகத்தில் எடுத்துவிடலாம்.

கல்வெட்டு அப்படி இல்லை. அது முதலில் சுவரில் இருக்கிறது. எந்தப் பிராகாரம், எந்தப் பக்கச் சுவர் என்பது அதன் முதல் முகவரி. தொல்லியல் துறையினர் வந்து காகிதத்தை ஒற்றி மைப்படி எடுத்து, கல்வெட்டு ஆண்டறிக்கையில் ஒரு எண் கொடுக்கிறார்கள். அது இரண்டாவது முகவரி. பிறகு, பல சமயம் பல பத்தாண்டுகள் கழித்து, முழு வாசகமும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதி ஒன்றிலோ 'எபிகிராபியா இண்டிகா'விலோ அச்சாகிறது. அங்கே வேறு எண். ஸ்ரீரங்கம் கோயிலுக்கென்றே 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையில் 24ஆம் தொகுதி 1982இல் வந்தது. அதற்கு முன் எழுதியவர்கள் பலரும் ஆண்டறிக்கை எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். பின்னால் வந்தவர்கள் தொகுதி எண்ணைக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே கல்லைச் சொல்கிறது என்பது எண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது.

ஆண்டறிக்கை எண்ணில் இன்னொரு விஷயம் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஆண்டு இல்லாமல் எண் இருந்தாலும் பயனில்லை, எண் இல்லாமல் ஆண்டு இருந்தாலும் பயனில்லை. கதவு எண் இல்லாமல் 'சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்' என்று கடிதம் போட்ட மாதிரிதான் அந்தப் பதினேழு வரியும்.

எண் எங்கே போனது?

லேடெக்கில் மேற்கோள் வேலை மூன்று இடத்தில் நடக்கிறது. ஒன்று, தரவுக் கோப்பு. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, எண் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் புலமாக நாம் எழுதி வைக்கும் இடம். இரண்டு, பாணி. எந்தப் புலத்தை எந்த வரிசையில், எந்த நிறுத்தற்குறியோடு அச்சிடுவது என்று சொல்லும் விதிகள். மூன்று, இரண்டையும் சேர்த்துப் பட்டியலை வரிசைப்படுத்தும் நிரல்.

டொனால்ட் குனூத் 1978இல் டெக்கை வெளியிட்டார். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கைக் கட்டினார். மேற்கோளுக்காக ஓரன் படாஷ்னிக் 1985இல் பிப்டெக்கைக் கொடுத்தார். பிப்டெக்கின் பாணிக் கோப்பைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். அதன் மொழியில் பொருள் முதலில் வரும், செயல் கடைசியில் வரும். 'இரண்டும் மூன்றும் கூட்டு' என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் யோசிப்பவர்களுக்கு இது தலைகீழ். நமக்கு வினைமுற்று கடைசியில் வருவது பழக்கம்தானே என்று தைரியமாக உட்கார்ந்தேன். அரை மணியில் மூடி வைத்துவிட்டேன்.

இப்போது பெரும்பாலும் பயன்படுவது பிப்லேடெக். பிலிப் லேமன் 2006இல் தொடங்கியது. இதில் பாணியையும் சாதாரண லேடெக் கட்டளையிலேயே எழுதலாம். வரிசைப்படுத்தும் வேலையை பைபர் என்ற தனி நிரல் செய்கிறது.

எண் காணாமல் போன கதை இதுதான். தரவுக் கோப்பில் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வகை சொல்ல வேண்டும். புத்தகமா, கட்டுரையா, ஆய்வேடா? கல்வெட்டு என்று ஒரு வகை கிடையாது. அதனால் 'இதர வகை' என்று போட்டுக் கொடுத்தேன். இதர வகைக்கு இயல்பான பாணியில் எந்தெந்தப் புலம் அச்சாக வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆசிரியர், தலைப்பு, குறிப்பு, ஆண்டு எல்லாம் அதில் உண்டு. 'எண்' என்ற புலம் இல்லை. பட்டியலில் இல்லாத புலத்தை பிப்லேடெக் பிழை என்று சொல்லாது. சத்தமே இல்லாமல் விட்டுவிடும்.

என்னை உறுத்தியது அந்த மௌனம்தான். பிழைச் செய்தி வந்திருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பேன். பக்கமோ அழகாக வந்தது. வரிகள் நேராக, எழுத்து தெளிவாக. அழகாக இருந்ததால் இரண்டு பேருமே படித்துப் பார்க்கவில்லை.

கல்வெட்டுக்கு ஒரு வகை

இதைச் சரி செய்ய இரண்டு வழி. சின்ன வழி, எண்ணை 'குறிப்பு' புலத்துக்கு மாற்றுவது. அது அச்சாகும். வேலை முடிந்தது. ஆனால் குறிப்புக்குள் எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகத் திணித்தால், நாளைக்கு ஒரு பதிப்பகம் வேறு வரிசையில் கேட்கும்போது அத்தனை பதிவையும் கையால் மாற்ற வேண்டும்.

பெரிய வழி, கல்வெட்டு என்று ஒரு புது வகையையே உருவாக்குவது. இப்படி யாராவது கேட்பார்கள் என்று பிப்லேடெக் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். பயனர் விருப்பத்துக்கென்று ஆறு காலி வகைகளும் சில காலிப் புலங்களும் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால், தரவு மாதிரிக் கோப்பு ஒன்றை எழுதி நம் வகைக்கும் புலத்துக்கும் நாமே பெயர் வைக்கலாம். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம்.

புலங்களை அவள்தான் முடிவு செய்தாள். எனக்கு அதில் அறிவு கிடையாது. ஊர், சுவரில் உள்ள இடம், அரசன், ஆட்சியாண்டு அல்லது சக ஆண்டு, அதற்கு இணையான பொது ஆண்டு, ஆண்டறிக்கை ஆண்டு, ஆண்டறிக்கை எண், அச்சான தொகுதி, தொகுதியில் உள்ள எண். மொத்தம் ஒன்பது. இதை எந்த வரிசையில் அச்சிட வேண்டும் என்று ஓர் 'அச்சு விதி' எழுதினோம். இருபது வரி கூட வராது.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ரீரங்கம் கோயிலில் கருடவாகன பட்டரின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆரோக்கியசாலையையும் தன்வந்திரி சன்னதியையும் புதுப்பித்த செய்தியைச் சொல்வது. சக ஆண்டு 1415. 78 கூட்டினால் பொது ஆண்டு 1493. வாசகம் 'எபிகிராபியா இண்டிகா' 24ஆம் தொகுதியில் வந்திருக்கிறது. மேலே சொன்ன ஸ்ரீரங்கம் தொகுதியும் 24தான், ஆனால் அது வேறு வரிசை. வெறும் '24' என்று அச்சானால் படிப்பவர் தவறான புத்தகத்தைத்தான் எடுப்பார். அதனால் தொகுதியின் வரிசைப் பெயர் இல்லாமல் எண் மட்டும் அச்சாகவே கூடாது என்று விதியில் ஒரு நிபந்தனை சேர்த்தோம். புலம் காலியாக இருந்தால், சும்மா விட்டுவிடாமல், தடித்த எழுத்தில் 'தொகுதி?' என்று அச்சிடும். அந்த மௌனத்துக்கு எங்கள் பதில் அது.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். மலைக்கோட்டையின் மேல் குகையில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் 33, 34 எண்களாக வெளியிட்டார். அங்கே ஊர் 'திரிசிராப்பள்ளி' என்று இருக்கும். அக்காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் 'டிரிச்சினோபோலி'. இன்றைக்குத் திருச்சிராப்பள்ளி. தலைப்பை மூலத்தில் உள்ளபடியே வைத்துவிட்டு, ஊர் என்ற தனிப் புலத்தில் இன்றைய பெயரைப் போட்டோம். மூலத்தையும் திருத்த வேண்டாம், தேடுபவரும் ஏமாற வேண்டாம்.

ஆண்டில் ஒரு பொறி உண்டு. 1936-37 என்று தேதிப் புலத்தில் எழுதினால், அதை 1936ஆம் வருஷம் 37ஆம் மாதம் என்று பைபர் படித்துவிட்டு, அப்படி மாதம் இல்லையே என்று எச்சரிக்கும். நடுவே சாய்கோடு போட்டு 1936/1937 என்று எழுத வேண்டும்.

ஹரி ராவ் இரண்டு பேரான கதை

கல்வெட்டு முடிந்தது என்று நிமிர்ந்தபோது, "அண்ணா, ஹரி ராவ் ரெண்டு இடத்துல வரார்" என்றாள்.

ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுதும் யாரும் வி. என். ஹரி ராவைத் தாண்டிப் போக முடியாது. 1961இல் கோயிலொழுகை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். கோயிலின் வரலாற்றையும் தனி நூலாக எழுதியவர். ஆங்கிலப் பட்டியலில் ஒரு நூல் 'ஹெச்' வரிசையில் ஹரி ராவ் என்று இருந்தது. இன்னொன்று 'ஆர்' வரிசையில் 'ராவ், வி. என். ஹரி' என்று போயிருந்தது.

காரணம் எளிது. பெயரைக் காற்புள்ளி இல்லாமல் எழுதினால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். மேற்கத்தியப் பெயருக்கு அது பெரும்பாலும் சரி. நமக்கு? கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 'சாஸ்திரி, கே. ஏ. நீலகண்ட' ஆகிறார். எச். கிருஷ்ண சாஸ்திரியும் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்காருகிறார். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 'ஐயங்கார்' வரிசைக்குப் போகிறார். யாரும் திட்டமிடாமலேயே தென்னிந்திய வரலாற்று நூற்பட்டியல் சாதிப் பட்டம் வாரியாக வரிசையாகிவிடுகிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் புத்தகங்களிலும் இதைப் பார்க்கலாம்.

தமிழில் எழுதும் பெயர்களுக்கு வேறு சிக்கல். மா. இராசமாணிக்கனார் என்று எழுதினால் கடைசிச் சொல் சரியாகவே கிடைக்கும். ஆனால் பாணி 'முதற்பெயரை முதலெழுத்தாகச் சுருக்கு' என்று சொன்னால்? யூனிகோடில் 'மா' என்பது மகரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறிகள். முதல் குறியை மட்டும் எடுக்கும் நிரல் அவரை 'ம.' ஆக்கிவிடும். பழைய பிப்டெக் இன்னும் மோசம். அது பைட் கணக்கில் வெட்டும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் என்பதால், வெட்டிய துண்டு எழுத்தாகவே இருக்காது. குடவாயில் பாலசுப்ரமணியன் போன்ற பெயர்களில் முன்னால் இருப்பது ஊர். அதை 'கு.' என்று சுருக்கினால் யாரென்றே தெரியாது.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் இவை. பெயரை எப்போதும் காற்புள்ளி போட்டு எழுதுவது: 'ஹரி ராவ், வி. என்.' என்று. எது தலைப்பெயர் என்று முடிவு செய்வது நாம், நிரல் இல்லை. ஊரும் பெயரும் சேர்ந்தே வழங்கினால் இரண்டையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போடுவது. அடைப்புக்குள் இருப்பதை நிரல் பிரிக்காது. தொல்லியல் துறை போன்ற அமைப்புகளுக்கும் அப்படியே. முதலெழுத்துச் சுருக்கத்தை முழுக்க அணைத்து வைப்பது. நம் ஆட்கள் பெயரை ஏற்கெனவே சுருக்கித்தான் எழுதுகிறார்கள், மறுபடி எதற்கு?

கடைசியாக, பட்டியலில் பெயரைத் திருப்பிப் போடுவதையே ஒரு வரிக் கட்டளையால் நிறுத்தினோம். 'மா. இராசமாணிக்கனார்' என்றே அச்சாகும், 'இ' வரிசையில் நிற்கும். ஸோட்டெரோ வைத்திருப்பவர்கள் பெயருக்கான இரட்டைக் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றினால் கிட்டத்தட்ட இதே பலன் கிடைக்கும்.

அப்பா பெயரில் ஒரு கட்டுரை

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவள் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய முதல் கட்டுரை ஓர் ஆய்விதழில் வந்திருந்தது. சமர்ப்பிக்கும் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கட்டாயம். அவளுக்கு இருப்பது ஒரே பெயரும் ஓர் இனிஷியலும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருக்கிறாள். அச்சில் அப்பா பெயர் பெரிதாக முன்னால் வந்தது. அவள் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அந்தக் கட்டுரையை இப்போது மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதும் அப்பா பெயரில்தான்.

"அப்பாவுக்கு சந்தோஷம்தான். தெருவுல எல்லார்கிட்டயும் காட்டினார். ஆனா நந்தவனக் கல்வெட்டு படிக்க மூணு வருஷம் வெயில்ல நின்னது நான்தானே அண்ணா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

வந்த கட்டுரையில் பெயரை மாற்றுவது லேசில்லை. இனி வருவதற்காவது ஒரே வடிவத்தை முடிவு செய்துகொண்டு, ஆர்கிட் எண் ஒன்று வாங்கி, பழைய வடிவத்தையும் அதில் மாற்றுப் பெயராகச் சேர்த்தாள். ஆய்வேட்டில் அவள் கட்டுரைக்கான பதிவில் அப்பா பெயரைத் தந்தைப் பெயர் என்ற தனிப் பகுதியாகவே வைத்தோம். பிப்லேடெக்கில் பெயருக்குப் புதுப் பகுதி சேர்க்க வழி இருக்கிறது. ரஷ்யர்களின் தந்தைவழிப் பெயருக்கும் இதே வழிதான். இப்போது அது இனிஷியலாக முன்னால் வரும், வரிசைப்படுத்த அவள் பெயர்தான் பயன்படும்.

வரிசையும் 'மேலது'வும்

தமிழ் நூல்களுக்கு அகர வரிசை ஒரு தனிப் பிரச்சினை. யூனிகோடில் எழுத்துக்களுக்குக் கொடுத்த எண் வரிசையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே, 'ப'வுக்கு முன்னால் இருக்கிறது. 'ற' எழுத்து 'ர'வுக்கு அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் இரண்டும் கடைசி. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கருவி தப்பாகத்தான் அடுக்கும். பைபரில் வரிசைக்கான மொழியைத் தமிழ் என்று சொல்லிவிட ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டபின் பட்டியல் ஒழுங்கானது. தமிழ் நூல்களையும் ஆங்கில நூல்களையும் குறிச்சொல் கொடுத்து இரண்டு பட்டியலாகப் பிரித்தோம். கல்வெட்டுகள் மூன்றாவது பட்டியல்.

'இபிட்', 'எடிட்டட் பை', 'பேஜ்' போன்றவை ஆங்கிலத்தில் வந்து நிற்கும். அவற்றை ஒரே இடத்தில் மாற்றி எழுதலாம்: 'மேலது', 'பதிப்பாசிரியர்', 'ப.', 'பக்.'. தொகுதிகளின் சுருக்கங்களுக்குத் தனிப் பட்டியல் அச்சிடவும் வசதி உண்டு. தெ.இ.க. என்றால் என்ன என்று படிப்பவர் தேடி அலைய வேண்டாம்.

நீங்கள் தொடங்குவதானால்

முதலில் பாணியைத் தொடாதீர்கள். தரவைச் சரியாக எழுதுங்கள். பாணி நாளைக்கு மாறும், ஒரு ஆய்விதழ் ஒரு மாதிரி கேட்கும், பல்கலைக்கழகம் வேறு மாதிரி கேட்கும். தரவு தனித்தனிப் புலத்தில் ஒழுங்காக இருந்தால் எதற்கும் கவலையில்லை. உங்கள் துறைக்கு நெருங்கிய ஒரு ஆயத்தப் பாணியை எடுத்து, போதாத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எல்லாம் ஒரே கோப்பில், ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துபோகும்.

அப்புறம், அச்சான பட்டியலைப் படியுங்கள். ஒவ்வொரு வரியையும், மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அதை எந்தப் பாணியும் நமக்காகச் செய்யாது.

நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் பட்டியலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பதினேழு வரியும் இப்போது பதினேழு விதமாக இருந்தன. சுவர், அரசன், ஆண்டு, எண். அவள் வரி வரியாகப் படிக்க, நான் சுவரில் தேடினேன். எனக்குப் பழைய எழுத்து படிக்கத் தெரியாது. இருந்தும் பட்டியலில் சொன்ன சுவருக்கு என்னால் போய்ச் சேர முடிந்தது. பதினாறு இருந்தன. ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. தெற்குச் சுவர் என்று போட்டிருந்தது. அவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வடக்கு அண்ணா. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்" என்றாள். பேனாவால் அங்கேயே திருத்திக்கொண்டாள்.